பெயர்வழியும் தாய்வழியும்: தமிழ்க் கத்தோலிக்கக் கலப்பு மரபுக் குடும்பங்களை அறியும் முறை

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் கத்தோலிக்கரிடையே ஐரோப்பியக் குடும்பப் பெயரைக் கொண்டு கலப்பு மரபை ஊகிக்கும் வழக்கம் ஆய்வுலகில் நிலைத்துள்ளது. பெயர், குருதி, சமயம், மொழி ஆகிய நான்கும் ஒரே வழியில் இறங்குவன அல்ல என்பதையும், கலப்புக் குடும்பங்களின் தமிழ்ப் பண்பாடு பெயரில் இடம்பெறாத தாய்வழியிலேயே வந்துள்ளது என்பதையும் தூத்துக்குடி, புதுச்சேரி, மட்டக்களப்பு ஆகிய மூன்று இடங்களின் சான்றுகொண்டு இக்கட்டுரை நிறுவுகிறது. அம்முடிவு கம்பம் பள்ளத்தாக்கின் இன்றைய கத்தோலிக்கக் குடும்பங்களை ஆராய்வதற்கு எவ்வாறு உதவும் என்பதும் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பறங்கி, சட்டைக்காரர், கத்தோலிக்கம், தாய்வழி, குடும்பப் பெயர், வழிபாட்டு முறை, கம்பம் பள்ளத்தாக்கு.

முன்னுரை

சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலை நாடி வருவோர் முல்லையாற்றில் நீராடித் தீச்சட்டி ஏந்திச் செல்வர். அந்த ஆற்றுக்குப் பெருநீர் தருவது 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணை. அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் பிறந்த நாளான சனவரி 15ஆம் நாளில் கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள் பொங்கலிட்டு வணங்குகின்றனர். கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் அவருக்கு 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. இவற்றினும் நம் பொருளுக்கு நெருக்கமான செய்தி, பள்ளத்தாக்கில் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குப் ‘பென்னிகுயிக்’ என்று பெயரிடும் வழக்கம் உண்டு என்பதாகும்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வாக்காளர் பட்டியல் ஒன்று மட்டும் கையிற் கிடைத்த ஆய்வாளர் ஒருவர், ‘பென்னிகுயிக்’ என்னும் பெயர்களை எண்ணிப் பார்த்து, ஆங்கிலேயர் பலர் இப்பகுதியில் குடியேறி மணவுறவு கொண்டனர் என்று எழுதுவாராயின் நாம் நகைப்போம். ஆனால் கடற்கரைக் கத்தோலிக்கரின் போர்த்துக்கீசியப் பெயர்களைப் பற்றி நாம் எழுதி வந்திருப்பது பல வேளைகளில் இத்தகையதே.

பெயர் இருந்தும் குருதி இல்லாமை

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் அக்கரைக்கு வந்து சேருமுன்பே இது நிகழ்ந்துவிட்டது. அன்று தொடங்கி அவர்களிடையே பர்னாந்து, கோமஸ், ரொட்ரிகோ, மோத்தா, மச்சாது, தாக்ருஸ் முதலான பெயர்கள் வழங்கி வருகின்றன. இவை மணவுறவால் வந்தவை அல்ல. திருமுழுக்கின்போது ஞானத்தந்தையர் வழியாகவும் போர்த்துக்கீசியப் புரவலர் வழியாகவும் பெற்றவை. பரதவர் தம் சாதித் தலைமையையும் மணவிலக்கு எல்லைகளையும் பேணிவந்த இனக்குழுவினர். ஐரோப்பியப் பெயர் சூடியமை அவர்களின் இனக்குழு எல்லையைத் தளர்த்தவில்லை. புதிய சமயமும் புதிய பெயரும் கடல்சார் உரிமைகளைக் காக்கும் அரணாக நின்று அதனை இறுக்கின என்று கொள்வதே பொருத்தம். ஆகவே தூத்துக்குடியில் ஒருவரது பெயர் பர்னாந்து என்பதனால் அவருடைய மூதாதையருள் போர்த்துக்கீசியர் இருந்தார் என்பது பெறப்படாது.

உள்நாட்டில் நிலைமை நேர்மாறானது. மதுரை மறைப்பணித்தளத்தின் வழிவந்த கத்தோலிக்கரிடம் குடும்பப் பெயர் என்பதே அரிது. தந்தை பெயரின் முதலெழுத்தும் திருமுழுக்குப் பெயருமே உண்டு. அத்திருமுழுக்குப் பெயரும் தமிழ்ப்படுத்தப்பட்டது. பேதுரு இராயப்பராகவும், பவுல் சின்னப்பராகவும், யோவான் அருளப்பராகவும், அலோசியஸ் ஞானப்பிரகாசியாராகவும் ஆயினர். வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியில் சூசையப்பர் ‘வளன்’ ஆனார். பவுல் என்பதன் மூலப்பொருள் ‘சிறியவர்’ என்பதறிந்து ‘சின்னப்பர்’ என்று ஆக்கியவர்களின் மொழியுணர்வு இன்றைய கலைச்சொல்லாக்கக் குழுக்களுக்கும் பாடமாகத்தக்கது.

இத்தமிழாக்கத்தால் வேறொரு சிக்கல் எழுகிறது. உத்தமபாளையம் வட்டத்தில் கத்தோலிக்கர் மிகுந்து வாழும் ஊர்களுள் ஒன்று இராயப்பன்பட்டி. ஊர்ப்பெயரைக் கண்டதும் அதனை இராயப்பரோடு தொடர்புறுத்தத் தோன்றும். ஆனால் இராயப்பன் என்பது கிறித்தவரல்லாதாரிடமும் வழங்கும் பெயர். எனவே கடற்கரைப் பெயர் இல்லாத கலப்பை இருப்பதாகக் காட்டும். உள்நாட்டுப் பெயர் இருக்கும் கலப்பையும் மறைத்துவிடும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளத்தல் இயலாது.

‘பறங்கி’ என்னும் சொல்

கலப்பு மரபினரைக் குறிக்கத் தமிழில் வழங்கிய சொற்கள் மூன்று: பறங்கி, சட்டைக்காரர், தொப்பாஸ். இவற்றுள் ‘பறங்கி’ பிராங்கு இனத்தாரைக் குறித்த அரபு, பாரசீக வடிவங்களின் வழியே வந்தது. முதலில் ஐரோப்பியர் அனைவரையும், பின்னர்ச் சிறப்பாகப் போர்த்துக்கீசியரையும், அதன்பின் அவர் வழித்தோன்றல்களையும் அது சுட்டிற்று. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை என்னும் இடப்பெயர்களிலும், பறங்கிக்காய் என்னும் காய்ப்பெயரிலும், பறங்கிப்புண் என்னும் நோய்ப்பெயரிலும் இச்சொல் தங்கியுள்ளது. சமையற்கட்டிலும் மருத்துவர் இல்லத்திலும் இடம் பிடித்த இச்சொல் மனிதரைக் குறிக்குங்கால் இழிவுப்பொருள் ஏற்றதை இத்தொகுதியே காட்டுகிறது. ‘சட்டைக்காரர்’ உடையால் வந்த பெயர். ‘தொப்பாஸ்’ தொப்பியால் வந்ததென்றும், இருமொழியாளரைக் குறிக்கும் ‘துபாஷி’ என்பதன் திரிபென்றும் இருவகையாகக் கூறுவர். மூன்றுமே பிறர் இட்ட பெயர்கள் என்பது கருதத்தக்கது.

‘பறங்கி’ என்னும் சொல் குலத்தையும் சமயத்தையும் ஒருங்கே குறித்தது. தத்துவபோதகர் எனப் பெயர்கொண்ட இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரை வந்தபோது கண்ட தடை இதுவே. அங்கு அவருக்கு முன்பே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ் கடற்கரைக் கிறித்தவருக்கும் போர்த்துக்கீசியருக்கும் மேய்ப்பராக இருந்தாரேயன்றி மதுரை மக்களை ஈர்க்க இயலவில்லை. திருமுழுக்குப் பெற வருவோரிடம், பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்னும் பொருள்பட வினவும் வழக்கம் இருந்தது. சமய மாற்றத்தைக் குலமாற்றமாக மொழிபெயர்த்த அவ்வினாவைத் தெ நொபிலி விலக்கினார். தாம் பறங்கியர் அல்லர் என்றும், உரோமாபுரியில் உயர்குடியிற் பிறந்தவர் என்றும் அறிவித்தார். காவியுடையும் மரக்கறி உணவும் மேற்கொண்டார். நெடிய வழக்கின் பின் 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர் முறைக்கு இசைவளித்தார்.

இந்நிகழ்வு தமிழ்ப் பண்பாட்டுமயமாக்கத்தின் தொடக்கம் எனப் போற்றப்படுகிறது; சாதியைத் திருச்சபைக்குள் நிலைபெறச் செய்தது எனக் கடிந்தும் உரைக்கப்படுகிறது. இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் இவ்விரு நோக்குகளும் பேசாது விட்ட ஒரு தரப்பினர் உளர். குலம் வேறு, வேதம் வேறு என்று பிரித்தபோது தமிழ்க் குலத்தில் பிறந்தார் தம் குலத்தோடு வேதத்தை ஏற்க வழி பிறந்தது. நாகப்பட்டினத்திலும் மயிலாப்பூரிலும் போர்த்துக்கீசியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்க்கு அப்பிரிவினை பயன்படவில்லை. அவர்தம் குலமே திருமுழுக்கோடும் திருமணத்தோடும் உண்டானது. தமிழ்க் கத்தோலிக்கர் ‘பறங்கி’ என்னும் பெயரை உதறித் தமிழராயினர். அச்சொல் எஞ்சி நின்றது கலப்பு மரபினர்மீது.

தாய் மறையும் வகை

கோவாவை 1510இல் கைப்பற்றிய அல்புகெர்க்கு, தம் வீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடியமர்வதை ஊக்குவித்தார். மணப்பெண் முன்னதாகத் திருமுழுக்குப் பெறுதல் வேண்டும். திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் வகுத்த விதியின்படி, பங்குக்குருவும் சாட்சியரும் முன்னிற்க நிகழ்வதே செல்லுபடியாகும் திருமணம். இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், உள்ளூர்ப் பெண் ஒருத்தி மனைவி என்னும் தகுதி பெற்ற வாயிலும், தன் பழைய பெயரை இழந்த வாயிலும் ஒன்றே என்பது விளங்கும். அவள் மரியாவாகவோ ரோசாவாகவோ ஆனாள். அடுத்த தலைமுறையில் அவள் மகள் தந்தையின் குடும்பப் பெயரைப் பெற்றாள். மூன்றாம் தலைமுறையில் ஆவணத்தில் எஞ்சுவது போர்த்துக்கீசியப் பெயர்களின் நிரல் மட்டுமே.

இதற்குத் தமிழ் வரலாறு நன்கறிந்த சான்று, புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளெக்சின் மனைவி ழான் அவர்கள். அவர் 1706இல் புதுச்சேரியில் பிறந்தார். தந்தை ஆல்பர் பிரெஞ்சுக் கும்பினியின் மருத்துவர். தாய் ரோசா தெ காஸ்த்ரோ இந்தோ-போர்த்துக்கீசிய மரபினர். முதற்கணவர் வேன்சான் இறந்தபின் 1741இல் துய்ப்ளெக்சை மணந்தார். ஆல்பர், வேன்சான், துய்ப்ளெக்ஸ் எனப் பெயர்வழி முழுதும் பிரெஞ்சு. ஆனால் அரசியலில் அவருக்குக் கைகொடுத்தது தமிழறிவு. துபாஷியர் துணையின்றி உள்ளூர்ச் செய்திகளை நேரே அறியவும், ஆட்களை ஏவவும், நாட்டு அரசினரோடு தொடர்பு கொள்ளவும் அவரால் இயன்றது. இத்தமிழ் ஆல்பர் வழி வந்திருக்க இயலாது. காஸ்த்ரோ வழியிலும், அவ்வழியைச் சூழ்ந்த ஆயாக்களின் அடுக்களை வழியிலும் வந்ததாகவே கொள்ளல் வேண்டும். ‘தெ காஸ்த்ரோ’ என்பதும் முந்தைய தலைமுறை ஒன்றின் இந்தியத் தாயை மூடிய போர்த்துக்கீசியத் திரையே.

அவரைப் பற்றிய தமிழ்ச் சான்றுகளுள் தலையாயது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிள்ளைக்கும் அவருக்கும் இருந்த பகை அந்நாட்குறிப்பில் ஒளிவின்றித் தெரியும். கையூட்டு, ஒற்று, 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதில் அவருக்கிருந்த பங்கு எனக் குற்றச்சாட்டுகள் நீள்கின்றன. ஒன்றை மட்டும் இங்குச் சுட்டலாம். மொழிபெயர்ப்பாளராகிய துபாஷியின் பதவி, தமிழறியா ஆளுநரைச் சார்ந்து நிற்பது. ஆளுநரின் இல்லத்திலேயே தமிழறிந்த ஒருவர் இருப்பின் அப்பதவியின் அடிப்படையே ஆட்டம் காணும். பிள்ளையின் சினத்தில் சமயப் புண்பாடு உண்மையானது, தொழிற்பகையும் உண்மையானது. ஆதலின் கலப்பு மரபுக் கத்தோலிக்கப் பெண்ணொருவரின் தமிழாளுமைக்கு அவருடைய பகைவரே முதற்சான்றாளர் ஆகிறார்.

மட்டக்களப்பு: இலக்கணத்தில் எஞ்சிய தாய்வழி

ஆவணத்தில் மறைந்த தாய்வழி மொழியில் மறையாது என்பதற்கு ஈழத்து மட்டக்களப்பு சிறந்த சான்று. அங்குப் பறங்கியர் என்னும் சொல் இன்றும் இழிவுப்பொருளின்றி இனப்பெயராகவே வழங்குகிறது. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கீசியர் 1628இல் எழுப்பினர். பத்தாண்டுகளில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். போர்த்துக்கீசியரின் இலங்கை ஆட்சி 1658இல் முற்றும் ஒழிந்தது. சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கினர். இருப்பினும் மட்டக்களப்புப் பறங்கியர் கத்தோலிக்கராகவே நின்றனர். போர்த்துக்கீசியக் கிரியோல் மொழியையே வீட்டில் பேசினர். அவர்களுட் பலர் தச்சு, கொல்லு முதலிய கைத்தொழில்களில் சிறந்தவர்கள். அவர்களிடையே ஒல்லாந்தக் குடும்பப் பெயர்களும் உண்டு என்பதுதான் வியப்பு. ஒல்லாந்தப் பெயர், போர்த்துக்கீசியப் பேச்சு, உரோமைச் சமயம், சுற்றிலும் தமிழ் என நான்கும் நான்கு திசையிலிருந்து வந்து ஒரு வீட்டில் கூடியுள்ளன. ஒல்லாந்த ஆண்கள் இப்பறங்கிக் குடும்பங்களில் மணம் செய்துகொண்டபோது பெயரை மட்டுமே தந்தனர். பிள்ளைகளின் சமயத்தையும் பேச்சையும் தாயரே தந்தனர் என்பதன்றி இதற்கு வேறு விளக்கம் பொருந்தவில்லை.

இக்கிரியோலின் இலக்கணம் மேலும் ஆழமான செய்தியைத் தருகிறது. போர்த்துக்கீசியத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் இடையில் வரும். இக்கிரியோலில் தமிழைப்போல் இறுதியில் வரும். போர்த்துக்கீசியத்தில் பெயருக்கு முன் நிற்கும் ‘பாரா’ என்னும் சொல், இங்குத் தேய்ந்து ‘ப’ என்னும் உருபாகிப் பெயருக்குப் பின் ஒட்டுகிறது. நம் ‘கு’ உருபின் வேலையையும், மக்களைக் குறிக்கும் செயப்படுபொருளில் ‘ஐ’ உருபின் வேலையையும் அதுவே செய்கிறது. சொற்கள் ஐரோப்பாவினவாகவும் அவற்றைக் கோக்கும் நூல் தமிழாகவும் அமைந்த மொழி இது. சந்தையில் பேசிப் பழகிய அளவால் இத்தகைய ஆழ்ந்த மாற்றம் நேர்ந்திருத்தல் அரிது. தமிழில் சிந்தித்துக்கொண்டு போர்த்துக்கீசியச் சொற்களால் குழந்தையோடு பேசிய வீடுகள் தலைமுறை தலைமுறையாக இருந்திருத்தல் வேண்டும். திருமண வீடுகளில் அவர்கள் ஆடும் காப்பிரிஞா ஆட்டத்தின் பெயரில் ‘காப்பிரி’ என்னும் ஆப்பிரிக்கர் சுட்டும் உள்ளது. ஐரோப்பா, ஆசியா என்னும் இருமையுள்ளும் இக்கலப்பு அடங்குவதன்று.

சட்டம் காட்டும் வழி

இத்தகைய குடும்பங்களை நவீனச் சட்டம் எவ்வாறு வரையறுத்தது? இந்திய அரசமைப்பின் 366(2)ஆம் பிரிவு ஆங்கிலோ-இந்தியர் என்பாரைத் தந்தைவழி ஆண் மூதாதையர் ஐரோப்பிய மரபினராதல் என்னும் அடிப்படையில் வரையறுக்கிறது. சொல்லமைப்பில் ‘ஆங்கிலோ’ என இருப்பினும் போர்த்துக்கீசிய, பிரெஞ்சு வழியினரும் இதில் அடங்குவர். ஐரோப்பியத் தாயும் இந்தியத் தந்தையும் உடையவர் அடங்கார். சட்டமன்றங்களில் அவர்களுக்கிருந்த நியமன இடங்கள் 104ஆம் திருத்தத்தால் 2020இல் முடிவுற்றன. வரையறை மட்டும் நிற்கிறது. பெயர்வழியே மரபு என்னும் பழைய கொள்கையைச் சட்டமும் எழுதிவைத்தது எனலாம்.

திருச்சபைச் சட்டமும் முதலில் தந்தையையே நோக்குகிறது. இது கம்பம் பள்ளத்தாக்குக்கு நேரே பொருந்தும் செய்தியாதலின் சற்று விரித்துரைக்கத் தகும்.

கம்பம் பள்ளத்தாக்கின் இன்றைய கலப்பு

இலத்தீன் வழிபாட்டு முறையைப் பின்பற்றும் மதுரை உயர்மறைமாவட்டத்தின் எல்லையுள் தேனி மாவட்டம் அடங்கும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைவழிகளைக் கடந்தால் இடுக்கி. அங்குக் கத்தோலிக்கருட் பெரும்பாலோர் சீரோ-மலபார் முறையினர். தூய தோமாவின் வழிவந்தோர் எனத் தம்மைக் கருதும் அவர்தம் வழிபாடு சிரியக் கிழக்கு மரபினது. பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்புகளில் சென்று திரும்பும் தொழிலாளரும், மலைமேல் நிலம் வாங்கியவரும், கீழே கடை வைத்தவரும் இவ்விரு உலகையும் இணைக்கின்றனர். இரு முறையினரும் கத்தோலிக்கரே, திருத்தந்தை ஒருவரே. ஆயினும் இவர்களுக்கிடையே மணம் நிகழுமாயின் பிள்ளை எத்திருச்சபையைச் சேரும் என்னும் வினா எழும்.

1983ஆம் ஆண்டின் இலத்தீன் சட்டத்தொகுப்பு, பெற்றோருள் ஒருவர் இலத்தீன் முறையினராயின் இருவரும் இசைந்து பிள்ளையை இலத்தீன் திருச்சபையில் சேர்க்கலாம் என்றும், இசைவு இல்லையேல் தந்தையின் திருச்சபையே பிள்ளைக்கு உரியது என்றும் கூறுகிறது. 1990ஆம் ஆண்டின் கீழைத் திருச்சபைகளின் சட்டத்தொகுப்பு, பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையைத் தந்தையின் திருச்சபையோடு சேர்க்கிறது; இருவரும் விரும்பி வேண்டின் தாயின் திருச்சபையில் சேரலாம். ஆகவே இடுக்கித் தந்தைக்கும் உத்தமபாளையத்துத் தாய்க்கும் பிறந்த பிள்ளை, தாய் ஊரிலேயே வளர்ந்து, தமிழிலேயே செபமாலை சொல்லி, பங்குத் திருவிழாவில் தேர்வடம் தொட்டு வளரினும், வேறு ஏற்பாடு செய்யப்படாத வரையில் சட்டப்படி சீரோ-மலபார் திருச்சபையினரே. மட்டக்களப்பில் ஒல்லாந்தப் பெயர் செய்த வேலையை இங்குத் திருச்சபை உறுப்புரிமை செய்கிறது.

எனவே இப்பகுதியில் கள ஆய்வு மேற்கொள்வோர் குடும்பத் தலைவரின் பெயரிலிருந்தும் சாதிச் சான்றிலிருந்தும் தொடங்குதல் போதாது. தாயும் தாயின் தாயும் எப்பங்கில் திருமுழுக்குப் பெற்றனர், ஞானத்தாய் யார், இரவுச் செபம் எம்மொழியில், காதணி விழாவுக்குத் தாய்மாமன் சீர் வந்ததா, இறந்தோர் நினைவு நாளில் சமைக்கப்படுவது யாது என்பனவற்றிலிருந்து தொடங்கல் வேண்டும். பங்குத் திருமுழுக்குப் பதிவேட்டில் தாயின் பெயருக்கும் ஞானப்பெற்றோர் பெயருக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. அவற்றை விட்டுவிட்டுத் தந்தையின் கட்டத்தை மட்டும் படியெடுத்துக்கொண்டு திரும்பிய ஆய்வேடுகள் சிலவற்றை மதிப்பீட்டின்போது கண்டதுண்டு.

உறவுச்சொற்களிலும் கருத்து வேண்டும். மதுரை, தேனி வட்டார வழக்கில் ‘அம்மாச்சி’ என்பது தாயைப் பெற்ற பாட்டியைக் குறிக்கும். மலைக்கு அப்பால் கிறித்தவ வீடுகளில் ‘அம்மச்சி’ என்பது பெரும்பாலும் தாயையே குறிக்கும். சில வீடுகளில் பாட்டியையும் குறிக்கும். இரு வழக்கும் கலந்த வீட்டில் ஒரு குழந்தை ‘அம்மாச்சி சொல்லிக்கொடுத்த செபம்’ என்று கூறும்போது, அது எந்தத் தலைமுறையின் செபம், மலையின் எப்பக்கத்துச் செபம் என்பதை மீண்டும் ஒருமுறை கேட்டறிந்த பின்னரே குறிப்பேட்டில் எழுதுதல் நலம்.